ஈயக் குட்டையின் ஆழம்



கோப்பெங் வட்டாரத்தில் நாம் காணும் பல நீர்நிலைகள் இயற்கை தந்த ஏரிகள் அல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தோர் விட்டுச் சென்ற குழிகளே அவை. ஈயக் குட்டை என்று நாம் அழைப்பது இவற்றைத்தான்.

இவை எவ்வாறு தோன்றின? ஈயத்தாது இங்கு மண்ணோடு கலந்து கிடந்தது. குழாய்வழி நீரை வேகமாகப் பாய்ச்சி மண்ணைக் கரைத்தனர். அக்குழம்பைப் பம்பினால் மேலேற்றி, 'பாலோங்' எனும் நீண்ட சாய்வான மரக்கால்வாயில் ஓடவிட்டனர். கனமான ஈயத்தாது அடியில் தங்கியது. மணலும் சேறும் வழிந்தோடின. சில இடங்களில் மிதக்கும் ஈயக் கப்பல்கள் மண்ணைத் தோண்டின. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் உள்ள கப்பல், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. நீர் இறைத்த பம்புகள் ஓய்ந்ததும், மழைநீரும் நிலத்தடி நீரும் குழிகளை நிரப்பின.

இங்கிலாந்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் கருங்கல் உடைத்த இடம். 1958இல் வேலை நின்றபின் நீர் நிறைந்து, இன்று முக்குளிப்போரின் பயிற்சிக்கூடமாக விளங்குகிறது. அவர்கள் முதுகில் காற்றுக்கலம் சுமந்து செல்வர். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவியின் வழிவந்தது அது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகும். அங்குக் காற்றை இழுத்து மூச்சடக்கி மேலேறினால், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே முறையாகக் கற்காத எவரும் அங்கு இறங்குவதில்லை. கற்றவரும் துணையோடுதான் இறங்குவர்.

கருவியும் பயிற்சியும் உடையோரே இத்துணை அஞ்சி நடக்கும்போது, வெறுங்கையோடு நாம் ஈயக் குட்டையில் இறங்கலாமா? ஆற்றங்கரை போல் இதன் கரை மெல்லச் சரிவதில்லை. முழங்கால் அளவு நீரில் நிற்பவர், அடுத்த அடியில் தலைக்குமேல் ஆழத்தில் இருப்பார். மேலே காய்ந்து உறுதியாகத் தோன்றும் சேறு, காலை வைத்ததும் உள்ளிழுக்கும். மணற்கரை திடீரெனச் சரியும். மேல்நீர் வெதுவெதுப்பாய் இருந்தாலும் ஆழத்து நீர் குளிர்ந்திருக்கும். நன்கு நீந்துபவரும் அங்கே தடுமாறுவர்.

மாணவர்களே, தூண்டில் போடவும் குளிக்கவும் தனியே அங்குச் செல்லாதீர்கள். நண்பன் தவறி விழுந்தால் நீங்களும் குதிக்காதீர்கள். நீண்ட மூங்கிலை நீட்டுங்கள். கயிற்றையோ மூடிய காலி எண்ணெய்க் கலனையோ வீசுங்கள். உரக்கக் கூவிப் பெரியவர்களை அழையுங்கள். 999 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

பெற்றோர்களே, நீங்கள் வேலைக்குச் சென்ற வேளையில், குறிப்பாகப் பள்ளி விடுமுறையில், பிள்ளை எங்கே இருக்கின்றான் என்பதை அண்டை வீட்டார் ஒருவரேனும் அறிந்திருக்கட்டும். அமைதியாகத் தோன்றும் நீரின் ஆழத்தை மேலிருந்து எவராலும் அளந்துவிட முடியாது.