கட்டடங்களுக்கான வடங்களைத் தெரிவு செய்தல்

கட்டடங்களுக்கான வடங்களைத் தெரிவு செய்தல் என்பது கணினி வலையமைப்பு, ஒளியிழை இணைப்பு, தீ எச்சரிக்கை அமைப்பு ஆகியவற்றுக்கு ஏற்ற வடங்களை முடிவு செய்யும் பொறியியல் பணி ஆகும். வடம் என்பது நடைமுறையில் கேபிள் என அழைக்கப்படுகிறது. இம்மூன்று வகை வடங்களும் பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே ஒப்பந்தக்காரரால் பதிக்கப்படுகின்றன. எனினும் அவற்றின் பணிகள் வேறுபட்டவை. வலையமைப்பு வடம் அதன் வேகத்தாலும், ஒளியிழை அது எட்டும் தொலைவாலும் மதிப்பிடப்படுகின்றன. தீ எச்சரிக்கை வடமோ, கட்டடம் எரியும்போது எவ்வளவு நேரம் தொடர்ந்து இயங்கும் என்பதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்துதல் கூடாது.

வலையமைப்பு வடங்கள்

கட்டடத்தின் உள்ளே கணினிகளை இணைக்க நான்கு முறுக்கிணைகள் கொண்ட செப்பு வடம் பயன்படுகிறது. ஒவ்வோர் இணையிலும் உள்ள இரு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூறு பெருமளவு நீங்குகிறது. முதன்மையான வகைகள் பின்வருமாறு:

• கேட் 5இ: 100 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 1 கிகாபிட்.
• கேட் 6: 250 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 1 கிகாபிட். ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 கிகாபிட்.
• கேட் 6ஏ: 500 மெகாஹெர்ட்ஸ், 100 மீட்டர் வரை 10 கிகாபிட்.

இவை அனைத்துக்கும் மொத்த நீள வரம்பு 100 மீட்டர் ஆகும். இதில் 90 மீட்டர் சுவரில் நிலையாகப் பதிக்கப்படும் வடத்துக்கும், எஞ்சிய 10 மீட்டர் இரு முனைகளிலும் உள்ள இணைப்பு வடங்களுக்கும் உரியது.

சந்தையில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட வடங்களும் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. இவற்றின் மின்தடை, அதே தடிமன் கொண்ட தூய செப்புக் கம்பியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். கண்காணிப்பு ஒளிப்படக்கருவி, கம்பியில்லா இணைப்புக் கருவி போன்றவற்றுக்கு வலையமைப்பு வடத்தின் வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறை இன்று பரவலாக உள்ளது. 2003 ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் 15.4 வாட்டாக இருந்த இதன் அளவு, 2018 ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் 90 வாட் வரை உயர்ந்தது. இத்தகைய பயன்பாட்டில் அலுமினிய வடங்கள் அதிகம் சூடாகின்றன. கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது தூய செம்பு அன்று.

ஒளியிழை வடங்கள்

100 மீட்டரைக் கடக்கும் இணைப்புகளுக்கும், கட்டடங்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கும் ஒளியிழை பொருத்தமானது. இதில் இரு வகைகள் உண்டு. பன்முறை இழையின் உட்கரு பொதுவாக 50 மைக்ரோமீட்டர் விட்டம் உடையது. இதில் ஓ.எம்.3 வகை, 10 கிகாபிட் வேகத்தில் 300 மீட்டர் வரை பயன்படும். ஒற்றைமுறை இழையின் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. இது பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஏற்றது. பிற்கால விரிவாக்கத்தைக் கருதினால் கட்டடங்களுக்கு இடையே ஒற்றைமுறை இழையே சிறந்தது.

ஒளியிழையின் மற்றொரு நன்மை, கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதாகும். அருகில் இடி விழும்போது இரு கட்டடங்களின் நிலத்தொடுப்புகளுக்கு இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றலாம். செப்பு வடம் அவற்றை இணைத்திருந்தால், அதன் வழியே மின்னோட்டம் பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகள் பழுதாகும். எஃகுக் கவசம் கொண்ட ஒளியிழை வடத்தில் அக்கவசமே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதை நிலத்தொடுப்புடன் முறையாக இணைத்தல் வேண்டும். அல்லது உலோகமற்ற வடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும்.

தீ எச்சரிக்கை வடங்கள்

தீ எச்சரிக்கை வடம் இரு பணிகளைச் செய்கிறது. ஒன்று, உணரியிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி கொண்டு செல்லுதல். மற்றொன்று, பலகையிலிருந்து எச்சரிக்கை ஒலிப்பானுக்கு மின்சாரம் கொண்டு செல்லுதல். மக்கள் அனைவரும் வெளியேறும் வரை ஒலிப்பான் ஒலிக்க வேண்டும் என்பதால், இரண்டாவது பணி தீ பரவிய பின்னரும் தொடர வேண்டியது.

இங்கு ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. கடைகளில் 'எஃப்.ஆர்' என விற்கப்படும் மின்கம்பி, பொதுவாகத் தீ பரவுவதைத் தடுக்கும் உறை கொண்டது மட்டுமே. அது தீயில் விரைவில் செயலிழந்துவிடும். தீயிலும் இயங்கும் வடம் வேறு. அதில் செப்புக் கம்பியின் மீது மைக்கா நாடா சுற்றப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சுருக்கம் வழங்குவதால், பெயரை விடுத்துச் சோதனை எண்ணைப் பார்ப்பதே பாதுகாப்பானது. ஐ.ஈ.சி. 60332 தீ வடத்தின் மீது பரவுகிறதா என்பதைச் சோதிக்கிறது. ஐ.ஈ.சி. 60331 எரியும்போது மின்சுற்று அறுபடாமல் உள்ளதா என்பதைச் சோதிக்கிறது. பிரித்தானியச் சீர்தரமான பி.எஸ். 6387 இன் 'சி' பிரிவில் வடம் 950 பாகை செல்சியசில் 3 மணி நேரம் தாங்க வேண்டும்.

மின்னழுத்த இழப்பையும் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 24 வோல்ட் பலகையிலிருந்து 200 மீட்டர் தொலைவில் உள்ள ஒலிப்பான்கள் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். போக வர 400 மீட்டர் கம்பி தேவை.

• 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி: மின்தடை 4.84 ஓம்; இழப்பு 2.4 வோல்ட், எஞ்சுவது 21.6 வோல்ட்.
• வலையமைப்பு வடத்தின் ஓர் இணை: மின்தடை சுமார் 34 ஓம், இழப்பு 17 வோல்ட், எஞ்சுவது 7 வோல்ட்.

இரண்டாவது நிலையில் ஒலிப்பான் ஒலிக்காது. இந்தியாவில் தீ உணர்வு, எச்சரிக்கை அமைப்புகளுக்கான நடைமுறை விதிகள் ஐ.எஸ். 2189 இல் தரப்பட்டுள்ளன.

உறையும் புகையும்

தீ விபத்துகளில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் புகையே காரணமாகிறது. 1997 சூன் 13 அன்று தில்லி உப்கார் திரையரங்கில் மின்மாற்றியிலிருந்து தொடங்கிய தீயில் 59 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மூச்சுத்திணறியே இறந்தனர். பி.வி.சி. உறை எரியும்போது அடர்ந்த கரும்புகையையும் ஐதரசன் குளோரைடு வளிமத்தையும் வெளியிடுகிறது. இவ்வளிமம் கண்களையும் மூச்சுக்குழாயையும் தாக்குவதுடன், எரியாத கருவிகளையும் அரிக்கிறது. 1975 பெப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் ஒரு தொலைபேசி நிலையத்தின் வடங்கள் எரிந்ததில் ஏறத்தாழ 1,70,000 தொலைபேசிகள் செயலிழந்தன. எனவே பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம் போன்ற கட்டடங்களின் உள்ளே, குறைந்த புகையும் ஆலசன் இன்மையும் கொண்ட உறையுடைய வடங்களே ஏற்றவை.

வடங்கள் சுவரையும் தளத்தையும் கடக்கும் துளைகள் தீயும் புகையும் செல்லும் வழிகளாகும். வடம் பதித்த பின் அவற்றைத் தீத்தடுப்புப் பொருளால் அடைத்தல் வேண்டும். அடைக்கும் பொருளும் எரியாததாக இருத்தல் வேண்டும். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்சு பெரி அணுமின் நிலையத்தில், இத்தகைய துளையில் காற்றுக்கசிவு உள்ளதா என மெழுகுவர்த்தியால் சோதித்தபோது அடைப்பு நுரை தீப்பற்றி, 1,600க்கும் மேற்பட்ட வடங்கள் சேதமடைந்தன.

பாறை நிலங்களில்: நார்த்தாமலை

நிலத்தின் தன்மையும் தெரிவைப் பாதிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலை கருங்கல் குன்றுகள் சூழ்ந்த ஊர். இத்தகைய பாறை நிலத்தில் குழி தோண்டுதல் கடினம். நல்ல நிலத்தொடுப்பு கிடைப்பதும் அரிது. ஆகவே இங்கு 150 மீட்டர் இடைவெளியில் இரு கட்டடங்கள் கொண்ட ஒரு பள்ளி இருப்பின், அவற்றை உலோகமற்ற ஒளியிழையைக் கம்பங்களின் மேல் கொண்டு சென்று இணைப்பது தகும். ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்திலும் தமிழ்நாட்டில் மின்கம்பங்களின் வழியே ஒளியிழை கொண்டு செல்லும் முறை பின்பற்றப்பட்டது. ஒவ்வொரு கட்டடத்தின் உள்ளேயும் கேட் 6 வடம் போதுமானது. தீ எச்சரிக்கைக்கு இரு கட்டடங்களிலும் தனித்தனிப் பலகைகள் அமைத்து, அவற்றை ஒளியிழையால் இணைக்கலாம்.

நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் உள்ளன. நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி எனச் சட்டம் வகுத்துள்ளது. அங்கே தோண்டும் முன் உரிய அதிகாரிகளிடம் கேட்டறிதல் வேண்டும்.

சரிபார்க்க வேண்டியவை

• வடத்தின் உறையில் அச்சிடப்பட்ட சீர்தர எண், பெட்டியில் உள்ளதுடன் ஒத்துள்ளதா?
• தீ எச்சரிக்கை வடம், மின்வழங்கல் கம்பிகளிலிருந்து தனிக் குழாயில் செல்கிறதா?
• வளையச் சுற்றாக இருப்பின், திரும்பும் கம்பி வேறு வழியில் வருகிறதா? ஒரே வழியில் வந்தால் ஒரே தீயில் இரண்டும் அறுபடும்.
• துளைகள் அனைத்தும் அடைக்கப்பட்டனவா?
• மிகத் தொலைவில் உள்ள ஒலிப்பான், மின்கலத்தில் மட்டும் இயங்கும்போதும் ஒலிக்கிறதா?

இவற்றையும் பார்க்க

• ஒளியிழை
• ஈதர்நெட்
• கணினி வலையமைப்பு
• நார்த்தாமலை