ராஜி பேசும் வக்கீல்

தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. நெல்லும் வாழையும் விளையும் ஊரில் வரப்புத் தகராறுக்குப் பஞ்சமா? கோர்ட்டில் ஜெயித்தவரும் தோற்றவரும் மறுநாள் ஒரே வாய்க்காலில்தான் நீர் பாய்ச்சியாக வேண்டும். ராஜி பேசத் தெரிந்த வக்கீலின் அருமை அப்போதுதான் புரியும்.

1893-ல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாதா அப்துல்லா சேட்டின் வழக்கு சுமார் 40,000 பவுனுக்கு. எதிரி தயப் சேட், அவருக்கு உறவினர். காந்தி இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். அப்துல்லாவுக்கே ஜெயம், 37,000 பவுனும் செலவும். மொத்தமாகக் கேட்டால் தயப் சேட் திவால்! தவணைக்குத் தம் கட்சிக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் காந்திக்குப் பெரும்பாடாயிற்று. எதிரியிடம் பேசிவிடலாம், சொந்தக் கட்சிக்காரரிடமல்லவா கஷ்டம்!

இதற்கும் முறை உண்டு. எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருந்தால் அவர் மூலமே பேச வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கிடைப்பதில் பங்கு என்று ஃபீஸ் பேசக்கூடாது. கோர்ட்டில் கொடுக்கும் ராஜி எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். லோக் அதாலத்தில் முடிந்தால் கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அப்பீல் கிடையாது. அதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம். கைநாட்டு வைப்பவரானால் ஷரத்துக்களை உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும். தண்ணீர் முறை எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்பது வரை.