செய்தியும் ஆவணமும்: ஏ. கே. செட்டியாரின் பணிநெறி

தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் ஏ. கே. செட்டியாரைப் பயண நூலாசிரியர் என்ற அளவில் ஒரு பத்தியில் கூறி அமைவர். திரைப்பட வரலாறு எழுதுவோர் காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தவர் என்று ஒரு வரியில் சுட்டுவர். இவ்விரு கூற்றும் உண்மையே. எனினும், இரண்டையும் பிணைக்கும் நெறி யாது என்பது ஆராயப்படவில்லை. அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டையூரில் 1911இல் பிறந்த கருப்பன் செட்டியார், இளமையிலேயே இதழ்த்துறையை மேற்கொண்டார். இரங்கூனில் வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். எழுதுகோலைப் பற்றிய பின்னரே அவர் ஒளிப்படக் கருவியைப் பற்றினார் என்னும் இம்முறை கருதத்தக்கது.

1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கினின்றும் டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அப்போது அவருக்கு அகவை 26 நிரம்பவில்லை. நடிகரைக் கொண்டு கதையாக்குதல் அவர் கருத்தன்று. பலர் பல நாட்டில் முன்னரே எடுத்து வைத்த படத்துண்டுகளைத் தேடித் திரட்டி, வேண்டுமிடத்துத் தாமும் எடுத்துச் சேர்த்தலே அவர் மேற்கொண்ட வழி. நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேரளவில் எடுத்திருந்த 50,000 அடி படத்தை அவர் திரட்டினார் என்பர். முற்றுப்பெற்ற படமோ 12,000 அடி. நிமிடத்திற்கு 90 அடி ஓடும் படச்சுருளில், திரட்டியது ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்டது. கொண்டதோ இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. நான்கில் மூன்று பங்குக்கு மேல் விலக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வாறு கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் திறம் எங்கிருந்து வந்தது? இதழாசிரியர் பணியிலிருந்தே வந்தது என்க. ஒரு படத்துண்டு கையில் கிடைத்தவுடன், அஃது எந்நாளில், எவ்விடத்தில் எடுக்கப்பட்டது, அதிற் காணப்படுவோர் யாவர் என்று உறுதி செய்தல் வேண்டும். செய்தி ஒன்றினை அச்சேற்றுமுன் ஆசிரியர் செய்வதும் இதுவே. ஏடு ஒப்புநோக்கிப் பாடம் துணியும் பதிப்பாசிரியர் பணியும் இதனின் வேறன்று.

படம் 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கிலும், 1947இல் இந்தியிலும் உரை பெற்றது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றிய ஆண்டு 1975. இன்று தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் ஆக்குவோர் பலர் இதழ்த்துறையிலிருந்து வருகின்றனர். அவ்வழியைத் தமிழர் ஒருவர் 35 ஆண்டுகட்கு முன்னரே நடந்து காட்டினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

படப்பணி முடிந்தபின் அவர் மீண்டும் இதழுக்கே வந்தார். 1943இல் ‘குமரி மலர்’ தோன்றியது. இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 1983இல் அவர் மறையும் வரை அவ்விதழே அவர் பணியாயிற்று. பழைய இதழ்களில் மறைந்து கிடந்த கட்டுரைகளை அதில் அவர் மறுபதிப்புச் செய்தார். விளாத்திகுளத்தை அடுத்த எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரைப் பற்றி ஆராய்வோர்க்கு அவ்விதழ் பயன்படுவது இதனாலேயே. படத்துண்டு தேடிய கையே பழைய தாள்களையும் தேடிற்று; கருவி மாறியதன்றி நெறி மாறவில்லை.

அவருடைய நடையும் இந்நெறிக்கு இயைந்தது. சிறு தொடர்கள், அடைமொழி குறைவு, கண்டதைக் கூறித் தம்மை மறைத்துக்கொள்ளும் பான்மை. உலகம் சுற்றிய தமிழன் எனப் பெயர் பெற்றும், அந்நூல்களில் ‘நான்’ என்பது மிகுதியாக ஒலிப்பதில்லை.

ஈண்டு வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அவர் ஆக்கிய தமிழ்ப்படம் இன்று முழுவடிவிற் கிடைக்கவில்லை. 1953இல் அமெரிக்காவில் சுருக்கி வெளியிடப்பட்ட ஆங்கில வடிவமே எஞ்சியுள்ளது. அக்காலப் படச்சுருள்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் அடிப்படையில் அமைந்தவை. குளிர்ந்த இடத்தில் பேணாவிடின் தாமே சிதைவன. ஆனால் அப்படம் ஆக்கிய வரலாற்றை அவர் ‘குமரி மலரில்’ எழுதினார். அக்கட்டுரைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுக்க, 2003இல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூலாயின. ஆவணமாக எடுத்த படம் மறைய, அதனைப் பற்றிய உரைநடையே ஆவணமாக நின்றது.

ஆகவே, செட்டியாரின் படமும் பயண நூலும் இதழும் தேடல், தெளிதல், தொகுத்தல் என்னும் ஒரே பணியின் மூன்று வடிவங்கள் என்பது தெளிவு. அவற்றை வெவ்வேறு துறைக்குப் பிரித்துக் கொடுத்தல் அப்பணியை மறைப்பதாகும். ‘குமரி மலர்’ இதழ்கள் முழுமைக்கும் பொருளடைவு ஒன்று ஆக்குதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வு. படச்சுருளுக்கு நேர்ந்தது தாளுக்கும் நேருமுன் அது செய்யப்படுதல் வேண்டும்.