நெல்லிக்கு உலகச் சந்தை: கையெழுத்துப் போடும் முன்

நத்தம், சாணார்பட்டி பக்கம் நெல்லித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு, விலை விழுந்தால் பறிகூலிக்கே கட்டாது. அந்த நேரம் பார்த்துத்தான் வண்ண அறிக்கையோடு யாராவது வருவார். "நெல்லி எக்ஸ்ட்ராக்டுக்கு உலகச் சந்தை பல கோடி டாலர். கன்று எங்களிடம் வாங்குங்கள், காயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்பார்.

முதலில் அந்த டாலர் கணக்கு. ஏற்றுமதியாகும் சரக்குக்கெல்லாம் சுங்கத்தில் குறியீட்டு எண் உண்டு. தாவரச் சாரங்கள் 1302 என்ற தலைப்பில் வரும். உலக நாடுகளுக்குப் பொதுவான ஆறு இலக்கப் பட்டியலில் நெல்லிச் சாரத்துக்கெனத் தனி எண் கிடையாது. 'மற்றவை' என்ற 130219-இல் எத்தனையோ செடிகளின் சாரத்தோடு கலந்து கிடக்கிறது. ஆகவே நெல்லிக்கு மட்டும் உலகச் சந்தை இவ்வளவு என்று காட்டும் தொகை மதிப்பீடுதான், சுங்கக் கணக்கு அல்ல. தாவரச் சாரம் எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை மத்திய வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

தொகை நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், கிலோவுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது. காயில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். சாரம் எடுப்பவர் பார்ப்பது டானின் அளவு, பூச்சிமருந்து எச்சம், கன உலோகம். ஊறுகாய்க்காரர் தேடும் பருமன் அவருக்கு வேண்டாம். பொடிக்காய் விலைக்கே கேட்பார். 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் கண்டுபிடித்துச் சரக்கைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். நெல்லிக்கு அப்படி நேர்ந்தால் நட்டம் யாருக்கு? அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தமிழ்நாடு 2019-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அறுவடையின்போது சந்தை விலை சரிந்தாலும், ஒப்பந்த நாளில் பேசிய விலையைத்தான் தர வேண்டும். பதிவுக்குத் தயங்கும் நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. முன்பணம் கட்டினால் மாதாமாதம் வருமானம் என்றால் இன்னும் ஆபத்து. பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன! அப்படிப் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். முதலீட்டாளர் நலனுக்கான 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அதற்கு இருக்கிறது.

கன்று தரமில்லை, ரகம் மாறிவிட்டது என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 'திரும்ப வாங்கும் ஒப்பந்தம் இருப்பதால் நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று நிறுவனம் வாதிடும். தேசிய விதைக் கழக வழக்கில் அதே வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணமும் இல்லை. வழிகேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

காயை உலர்த்திப் பொடியாக்கி விற்கும் சிறு தொழில்காரர் உத்யம் பதிவு வைத்திருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேரும்.

கவனமாக இருக்க வேண்டியது காலக்கெடுவில். நுகர்வோர் புகாருக்கு, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். ஒட்டுக்கன்று காய்க்கவே நாலைந்து ஆண்டாகும். அதனால் கன்று வாங்கிய ரசீது, ரகச் சீட்டு, வாட்ஸ்அப் வாக்குறுதி எல்லாவற்றையும் அதுவரை பத்திரப்படுத்துங்கள். காயை எடுக்க மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். மறுத்த நாள் எது என்பதற்கு அதுதான் சாட்சி.