70 வளைவு, 14 நாடு, ஒரு ஞாபக வித்தை!

மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதா? யார் சொன்னது?

கொல்லிமலை, திண்ணனூர் நாடு:

பரீட்சை நெருங்கினால் நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ்சில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மாணவன். கையில் கைடு. உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் தலை கிறுகிறுக்கும். புத்தகத்தை மூடிவிடுவான்.

"ராத்திரி பூரா படிச்சேண்ணே. காலையில ஒண்ணுமே நெனப்புல நிக்கல" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்புவான்.

"மலைப் புள்ளைங்களுக்கு மண்டையில ஏறாதுப்பா" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறதா? துளியும் இல்லை!

பாட்டியின் ஞாபகம்

அதே பஸ்சில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மலைப் பாட்டியிடம் சாமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எந்தச் சாமை?" என்று திருப்பிக் கேட்பார்.

மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலச்சாமை, பெருஞ்சாமை என்று இந்த மலையில் சாமைக்கே பல பெயர்கள். தினையிலும் கேழ்வரகிலும் இப்படியே தனித்தனிப் பெயர்கள். எது சீக்கிரம் விளையும், எது எந்த நிலத்துக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு மனப்பாடம். நோட்டும் இல்லை, கைடும் இல்லை!

பாட்டிக்கு மட்டும் எப்படி நிற்கிறது? ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிலம், ஒரு பருவம், ஒரு ருசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் விதைக்கும்போது அந்தப் பெயரை மறுபடியும் சொல்லியாக வேண்டும்.

ஒட்டவைப்பது, இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்வது. ஞாபக சக்தி என்பது இந்த இரண்டும்தான்.

14 பெயர், ஒரே நிமிஷம்

இதைச் சோதித்துப் பார்க்க வெளியே எங்கும் போக வேண்டாம். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். எல்லாமே 'நாடு' என்று முடியும். பெயர்களை வரிசையாக ஒப்பித்தால் ஐந்தாவது, ஆறாவதிலேயே நாக்கு தடுமாறும்.

இப்போது பிரித்துப் பாருங்கள். எட்டுப் பெயர்கள் 'ஊர்' என்று முடிகின்றன. அவற்றை ஜோடி சேர்த்தால்: அரியூர்–ஆலத்தூர், சித்தூர்–சேளூர், திண்ணனூர்–தேவனூர், குண்டூர்–வளப்பூர். முதல் எழுத்துகளை மட்டும் எடுத்தால் அ–ஆ, சி–சே, தி–தே, கு–வ. கடைசி ஜோடிக்கு 'குவளை' என்று நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது இரண்டு புளி: எடப்புளி, திருப்புளி.

மீதி நாலு. அதற்கு ஒரு குட்டிக் கதை: பெரிய கரையில் பையை வைத்துவிட்டு ஒரு குண்டன் வாழ வந்தான்! பெரக்கரை, பைல், குண்டனி, வாழவந்தி. கணக்கு முடிந்தது, 14 நாடும் வந்துவிட்டது!

கதை அசட்டுத்தனமாக இருக்கிறதா? அசட்டுக் கதைதான் மனசில் நிற்கும். வானவில்லின் ஏழு நிறங்கள், உப்புகளின் வரிசை, அரசர்களின் பெயர்கள் எதுவானாலும் இதே வழிதான். முதலில் கூறு போட வேண்டும், பிறகு கோக்க வேண்டும்.

வளைவுக்கு ஒரு பாடம்

இன்னொரு வித்தையும் உண்டு. தெரிந்த இடத்தில் தெரியாத பாடத்தை வைப்பது. பழைய கிரேக்க நாட்டுப் பேச்சாளர்கள் நீண்ட சொற்பொழிவுகளை இப்படித்தான் நினைவில் வைத்தார்கள். வீட்டின் வாசல், தூண், முற்றம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கருத்தை மனசுக்குள் வைத்துவிட்டு, மேடையில் அந்த வழியே 'நடந்து' வருவார்களாம்.

கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு வீடு எதற்கு? 70 கொண்டை ஊசி வளைவுகள் நம்பர் போட்டே காத்திருக்கின்றன! முதல் வளைவில் முதல் பாயிண்ட், இரண்டாவதில் இரண்டாவது. பரீட்சை ஹாலில் கண்ணை மூடி மனசுக்குள் பஸ் ஏறினால், வளைவு வளைவாகப் பாடம் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வளைவும் ஒன்று போலத் தெரிந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே வளைவுக்கு வளைவு ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறையை வைக்கலாம், மரத்தை வைக்கலாம். குரங்கை மட்டும் வைக்காதீர்கள், அது இடம் மாறிவிடும்!

லண்டனில் டாக்சி ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்த விஞ்ஞானிகள், இடங்களை நினைவில் வைக்கும் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள்.

சபையை அசத்தியவர்

நம் நாட்டிலும் இந்தக் கலைக்குக் குறைவில்லை. நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பி பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். அதாவது, ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம்! கேள்விக்குப் பதில், கணக்கு, கேட்ட மாத்திரத்தில் வெண்பா என்று எல்லாம் மாறி மாறி வரும். இழை அறுந்துவிடக் கூடாது.

2015 மார்ச் 21 அன்று வேலூர் வி.ஐ.டி.யில் ராஜ்வீர் மீனா என்ற மாணவர், கணிதத்தில் வரும் 'பை' என்ற எண்ணின் 70 ஆயிரம் இலக்கங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பித்து கின்னஸ் சாதனை படைத்தார். அதற்கு ஏறத்தாழ 10 மணி நேரம் பிடித்தது.

பிறவி வரமா? அப்படிச் சொல்ல முடியாது. 1981ல் 'பை'யின் 31,811 இலக்கங்களைச் சொன்ன ராஜன் மகாதேவனைப் பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். எண்களைக் கொடுத்தால் மனிதர் புலி. எண்ணுக்குப் பதில் பழக்கமில்லாத குறிகளைக் கொடுத்தபோது சாதாரண ஆள்தான்! பழகியது நின்றது, பழகாதது நிற்கவில்லை.

மறதிக்கும் கணக்கு உண்டு

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் 1885ல் மறதியையே அளந்து பார்த்தார். பொருளில்லாத சொற்களைத் தானே மனப்பாடம் செய்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் பறந்துவிட்டது. அதன்பின் மறதியின் வேகம் குறைந்தது.

அப்படியானால் என்ன செய்வது? 2006ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்த பாடமே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து? அதில் நினைவில் நின்றது 42 சதவீதம். பார்க்காமல் எழுதிய பாடத்தில் 56 சதவீதம்!

அடிக்கோடு போட்டு, கலர் பூசி, திரும்பத் திரும்ப வாசிப்பதில் பெரிய பலன் இல்லை என்று 2013ல் வெளியான இன்னொரு ஆய்வும் சொல்கிறது. அதில் முதலிடம் பிடித்தவை இரண்டு: தன்னையே சோதித்துக்கொள்வது, நாள் இடைவெளி விட்டுப் படிப்பது. குட்டிக் கதை, முதல் எழுத்து வித்தைகள் பட்டியல்களுக்கு நல்ல ஊன்றுகோல். பாடம் புரிவதற்கு அவை பதில் ஆகாது.

இதைக் கேட்டால் பவணந்தி முனிவர் சிரிப்பார். 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் அவர் கணக்குப் போட்டுவிட்டார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டால் கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால், மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரைப் பங்கு!

ரேங்க் போயாச்சு

மலைக்குக் கீழே நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் ஒரு காலத்தில் மாநில ரேங்க்குகளுக்குப் பெயர் போனது. விடியும் முன்பே எழுப்பி, எழுதிய பரீட்சையையே திரும்பத் திரும்ப எழுதவைக்கும் விடுதிப் படிப்பு பற்றிப் பாராட்டும் உண்டு, புகாரும் உண்டு. 2017ல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது.

அந்த விடுதிகளுக்குப் பணம் கட்ட மலைக் குடும்பங்களில் பலருக்கு வழியில்லை. ஆனால் இங்கே சொன்ன வித்தைகளுக்குப் பைசா செலவில்லை. இன்று படித்ததை நாளைக்கு ஒருமுறை பார்க்காமல் சொல்ல வேண்டும். நாலாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை. ராத்திரி தூங்கியே ஆக வேண்டும். பகலில் படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை கெட்டிப்படுத்துகிறது.

கடைக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இதே மருந்துதான். செல்போனைத் தடவும் முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் பெயரும் வரும், பாக்கித் தொகையும் வரும்!

பாட்டிக்கும் மறக்கும்

ஒரு கவலையும் உண்டு. மரவள்ளி வந்தபின் மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலம் சுருங்கிவிட்டது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது, கையில் காசு வருகிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் விதைக்காத பயிரின் பெயரை யார் சொல்வார்கள்? சொல்லாத பெயர் எத்தனை நாள் நிற்கும்? எபிங்ஹாஸ் கணக்கு பாட்டிக்கும் பொருந்தும்.

ஆகவே தம்பி, அடுத்த தடவை பஸ் ஏறினால் கைடைப் பைக்குள் போட்டுவிடு. பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு உன் பாடத்தைக் கதையாகச் சொல். பதிலுக்குப் பாட்டியிடம் சாமைப் பெயர்களைக் கேள்.

70 வளைவு முடிவதற்குள் இரண்டு பேர் ஞாபகமும் பிழைத்துக்கொள்ளும்!