கார் கதவு தானா பூட்டிக்குதா? லாக்கை மாற்றும் முன் 3 கேள்வி கேளுங்க!

தூத்துக்குடி,

ரிமோட்டை அமுக்கினால் 3 கதவு பூட்டுகிறது. ஒரு கதவு மட்டும் 'எனக்கென்ன' என்று திறந்தே கிடக்கிறது. பூட்டிவிட்டு டீ குடிக்க போய் திரும்பினால் கார் திறந்திருக்கிறது. திறந்து வைத்த கார் அரை நிமிடத்தில் 'டக்' என்று தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி உள்ளே, டிரைவர் வெளியே!

தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வாடகை கார் ஓட்டும் டிரைவர்களுக்கு இந்த தொல்லை புதிதல்ல. திருச்செந்தூருக்கு சவாரி போன இடத்தில் கதவு மக்கர் பண்ணினால் அன்றைய சம்பளம் போச்சு. "சென்ட்ரல் லாக்கே போச்சு, செட்டோட மாத்தணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு.

ஆனால் இந்த கோளாறுகளில் பல, சில பத்து ரூபாயில் முடிகிற சமாசாரம். எங்கே கோளாறு என்று தெரிந்துகொண்டு ஷெட்டுக்கு போனால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

காரின் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. 12 வோல்ட் கரண்டில் ஓடும். கரண்ட் ஒரு பக்கமாக பாய்ந்தால் பூட்டும், மாறி பாய்ந்தால் திறக்கும். உள்ளே இருக்கும் பற்சக்கரம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

ரிமோட்டை அமுக்கினால் அதில் இருந்து ரேடியோ அலை கிளம்பி காருக்குள் இருக்கும் ரிசீவருக்கு போகும். அது கார் கம்ப்யூட்டருக்கு சொல்ல, அது 4 மோட்டார்களுக்கும் கரண்ட் கொடுக்கும். ஆக ரிமோட், ரிசீவர், பியூஸ், வயர், மோட்டார் என்று வரிசையாக ஒரு சங்கிலி. இதில் எந்த கண்ணி அறுந்தாலும் பூட்டு சேட்டை செய்யும்.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

முதல் கேள்வி: ரிமோட்டில் மட்டும் தகராறா? டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவில் இருக்கும் லாக் சுவிட்சை அமுக்கி பாருங்கள். சுவிட்சில் 4 கதவும் ஒழுங்காக பூட்டி திறந்தால் மோட்டார், வயர் எல்லாம் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு ரிமோட் பக்கம்தான்.

2-வது கேள்வி: ஒரே ஒரு கதவு மட்டும் முரண்டு பிடிக்கிறதா? அப்படியானால் அந்த கதவின் வயர் அல்லது மோட்டார். மற்ற 3 கதவையும் பிரிக்க வேண்டியதே இல்லை.

3-வது கேள்வி: சுவிட்ச், ரிமோட் எதற்கும் 4 கதவும் அசையவில்லையா? அப்போது பியூசையும் கார் பேட்டரியையும் பாருங்கள்.

ரிமோட்டில் என்ன பார்க்கணும்?

முன்பு 20 அடி தூரத்தில் இருந்தே திறந்த கார், இப்போது கண்ணாடி பக்கத்தில் கொண்டுபோனால்தான் திறக்கிறதா? ரிமோட் பேட்டரி வீக். உள்ளே காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். பல ரிமோட்டுகளில் சி.ஆர்.2032 என்ற நம்பர் இருக்கும். 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த நம்பர் சொல்கிறது. உங்கள் ரிமோட்டில் என்ன நம்பர் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். பிளஸ் பக்கம் எது என்று பார்த்துவிட்டு கழற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வட்ட பேட்டரியை வீட்டில் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியது தெரிந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டி.வி. ரிமோட்டை செல்போன் கேமரா முன்பு அமுக்கி வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்போம் அல்லவா? அந்த வித்தை கார் ரிமோட்டில் பலிக்காது. டி.வி. ரிமோட் அனுப்புவது ஒளி, கார் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை. இன்னொரு ரிமோட் இருந்தால் அதை அமுக்கி பாருங்கள். அது வேலை செய்தால் காரில் கோளாறு இல்லை.

பேட்டரி புதுசு, ஆனாலும் திறக்கவில்லையா? கார் ரிமோட் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் புது ரகசிய எண் அனுப்பும். திருடன் ஒரு எண்ணை பிடித்து வைத்தாலும் மறுபடி பயன்படாது. வீட்டில் பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடி ஏகப்பட்ட தடவை அமுக்கி இருந்தால், ரிமோட் ஒரு எண்ணிலும் கார் ஒரு எண்ணிலும் நிற்கும். கார் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து 2, 3 தடவை அமுக்கினால் பல வண்டிகளில் சரியாகிவிடும். இல்லாவிட்டால் காரோடு வந்த புத்தகத்தில் வழி இருக்கும்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ரிமோட் வேலை செய்யவில்லையா? பல கார் ரிமோட்டுகள் 433 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. பக்கத்தில் அதே அலைவரிசையில் வேறு கருவி ஓடினால் ரிமோட்டின் குரல் காருக்கு கேட்காது. ரிமோட்டை காருக்கு மிக அருகில் வைத்து அமுக்கி திறந்து, வண்டியை வேறு இடத்துக்கு மாற்றினால் போதும்.

ஒரு கதவு மட்டும் என்றால்...

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கதவை திறந்து மூடும்போதெல்லாம் வயர் மடங்கி நிமிரும். நாளாவட்டத்தில் உள்ளேயே அறுந்துவிடும். அதிகம் திறக்கும் டிரைவர் கதவில்தான் இது சீக்கிரம் வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். கதவை பாதி திறந்து, முழுக்க திறந்து, லேசாக ஆட்டி, ஒவ்வொரு நிலையிலும் லாக் சுவிட்சை அமுக்குங்கள். ஒரு நிலையில் வேலை செய்து இன்னொரு நிலையில் செய்யாவிட்டால் வயர்தான். அதை இணைத்தால் போதும், மோட்டாரை மாற்ற வேண்டாம்.

கதவுக்குள் 'கர்ர்' என்று மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் பூட்டவில்லை என்றால் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. அப்போது அந்த ஒரு மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும்.

பூட்டின உடனே திறந்துகொள்கிறதா? கதவு சரியாக மூடவில்லை என்று கார் நினைக்கிறது. கதவு மூடியதை சொல்லும் சுவிட்சில் துரு ஏறினால் இப்படி ஆகும். உள் விளக்கு அணையாமல் எரிவது இதற்கு அடையாளம்.

4 கதவும் அசையவில்லையா?

முதலில் பியூஸ். எந்த பியூஸ் என்று பியூஸ் பெட்டி மூடியிலேயே படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸ் போடுங்கள். கம்பியை சுற்றி வைப்பது, பெரிய பியூஸ் போடுவது எல்லாம் வயரை தீப்பிடிக்க வைக்கும் வேலை. புது பியூசும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

அடுத்து கார் பேட்டரி. வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு கீழே போனால் வீக். அப்போது பூட்டு 'டிக் டிக்' என்று துடிக்கும், முழுசாக பூட்டாது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் திணறினால் சந்தேகமே வேண்டாம்.

இது கோளாறே அல்ல!

சிலவற்றை கோளாறு என்று நினைத்து செலவு செய்கிறார்கள். ரிமோட்டில் திறந்த பிறகு சுமார் 30 வினாடிக்குள் எந்த கதவையும் திறக்காவிட்டால் பல கார்கள் தானாக பூட்டிக்கொள்ளும். தெரியாமல் பட்டன் அமுங்கி கார் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. முதல் அமுக்கில் டிரைவர் கதவு மட்டும், 2-வது அமுக்கில் மற்ற கதவுகள் திறக்கும் கார்களும் உண்டு. வண்டி வேகம் எடுத்ததும் தானாக பூட்டுவதும் அப்படித்தான்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

நம்ம ஊரில் இன்னொரு சத்ரு உப்புக்காற்று. கடற்கரை ஓரம் நிற்கும் வண்டிகளில் கதவு சுவிட்ச், வயர் இணைப்பு எல்லாம் சீக்கிரம் பச்சை பிடிக்கும், துரு ஏறும். கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடிய சின்ன சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்தால் மழை தண்ணீரும் வாட்டர் வாஷ் தண்ணீரும் கதவுக்குள்ளேயே தேங்கி மோட்டாரை கெடுக்கும். மாதம் ஒரு தடவை ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். பூட்டில் எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசி ஒட்டி இறுகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் பேய் மழை பெய்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் கொட்டியது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரில் வயர் இணைப்புகள் பல மாதம் கழித்தும் அரிக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் ரிமோட்டை 10 தடவை அமுக்கி பாருங்கள். பூட்டு ஏறுக்கு மாறாக ஆடினால் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து பாருங்கள். சேறு கறை இருந்தால், சீட்டுக்கு அடியில் துரு இருந்தால் உஷார்.

வெளியே மாட்டிக்கொண்டால்...

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் ரிமோட்டுக்கு உள்ளேயே ஒரு இரும்பு சாவி ஒளிந்திருக்கும். பலருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருக்கும் சின்ன பொத்தானை தள்ளினால் வெளியே வரும். டிரைவர் கதவு கைப்பிடியில் சாவி ஓட்டை இருக்கும், சில கார்களில் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். உள்ளே போனதும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அமுக்கினால், ரிமோட் பேட்டரி செத்திருந்தாலும் பல கார்கள் ஸ்டார்ட் ஆகும். இதை இன்றைக்கே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். நடுராத்திரியில் நடுரோட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

குழந்தை உள்ளே இருந்தால்?

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் பலியானார்கள். அந்த சோகத்தை இந்த பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி வெப்பம் கூடிவிடும். பெரியவர்களைவிட குழந்தைகளின் உடம்பு பல மடங்கு வேகமாக சூடேறும். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளே இருந்து திறக்கவே முடியாது.

ஆகவே ஓடாத வண்டியாக இருந்தாலும் பூட்டியே வையுங்கள். சாவியை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பூட்டு மக்கர் பண்ணும் காரில் குழந்தையை விட்டுவிட்டு 'இதோ வர்றேன்' என்று இறங்கவே கூடாது.

குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு கதவு உடனே திறக்காவிட்டால் மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 112-க்கு போன் செய்ய ஒருவரிடம் சொல்லிவிட்டு, குழந்தைக்கு தூரமாக உள்ள பக்கவாட்டு கண்ணாடியின் மூலையில் கனமான இரும்பால் அடியுங்கள். முன் கண்ணாடியை அடிக்க வேண்டாம், அது ஒட்டு கண்ணாடி, விரிசல் விடுமே தவிர உடையாது. குழந்தையை வெளியே எடுத்ததும் நிழலுக்கு கொண்டு போங்கள். மயங்கி இருந்தால் 108-க்கு சொல்லுங்கள். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கைப்பிடியை இழுத்து பாருங்க

ரிமோட் அலையை தடுக்கும் கருவியை வைத்து கைவரிசை காட்டும் திருடர்களும் உலகில் உண்டு. நீங்கள் பட்டனை அமுக்கிவிட்டு நடப்பீர்கள், கார் பூட்டி இருக்காது. அதனால் 'கீக்' சத்தத்தை மட்டும் நம்பாமல், இண்டிகேட்டர் மின்னியதா என்று பார்த்து, கைப்பிடியை ஒரு தடவை இழுத்து பார்த்துவிட்டு கிளம்புங்கள். அப்படி இழுக்கும்போதே எந்த கதவு மக்கர் என்பதும் தெரிந்துவிடும். ஷெட்டில் போய், "இந்த ஒரு கதவை மட்டும் பாருங்கண்ணே, மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்று தைரியமாக சொல்லலாம்.