படைத்தலைவர் சிறுத்தொண்டர் ஆனது

அறுபத்துமூவர் திருவீதியுலாவில் சிறுத்தொண்டர் என்னும் நாயனாரையும் நாம் வணங்குகிறோம். பகைவர் தலைநகரையே வென்ற தளபதிக்குச் 'சிறு' என்னும் அடைமொழி எவ்வாறு பொருந்தியது? இதனை ஆராய்ந்து தெளிதல் நம் கடமை.

இவருடைய இயற்பெயர் பரஞ்சோதியார். சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றி, ஆயுள்வேதம், வடநூற்கலை, படைக்கலப் பயிற்சி, யானையேற்றம், குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ந்தார். மன்னனுக்காக வாதாபியை வென்று, மணிகளும் நிதியும் யானை குதிரைகளும் கொணர்ந்தார் என்பார் சேக்கிழார் பெருமான். மன்னன் பெயரைப் பெரியபுராணம் கூறவில்லை. 642ஆம் ஆண்டையொட்டி முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற போரே இது என்பர் வரலாற்றறிஞர். இன்றைய கர்நாடகத்துப் பாதாமியே அந்த வாதாபி.

தளபதி சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன் நடுங்கினான். இறைவன் தொண்டரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டதாக வருந்திப் பிழை பொறுக்க வேண்டினான். தமக்குரிய தொழிலைத் தாம் செய்ததில் தீங்கு யாது என்றார் பரஞ்சோதியார். எனினும் மன்னன் நிதி அளித்து, இனித் திருத்தொண்டே புரியுமாறு விடைகொடுத்தான்.

தொழில் வேறு, தொண்டு வேறு என மன்னன் கருதினான். நாயனார் அவ்வாறு கருதவில்லை. கடமையைச் செய்தார், அதன் பெருமையைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிக் கணபதீச்சரத்தை வழிபட்டார். துணைவியார் திருவெண்காட்டு நங்கையாருடன் அடியார்க்கு அமுது செய்வித்த பின்னரே தாம் உண்டார். அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகியமையால் சிறுத்தொண்டர் எனப் பெற்றார்.

பைரவ அடியாராய் வந்த இறைவன் மைந்தன் சீராளனையே அமுதாகக் கேட்ட வரலாறு கேட்போர் நெஞ்சை உலுக்கும். அது நாம் செய்துகாட்ட வேண்டிய செயல் அன்று. இறைவன் நிகழ்த்திய சோதனை. அழைத்த குரலுக்குச் சீராளன் ஓடிவந்தான் என்பதே அதன் முடிவு.

சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நாயனார், நங்கையார், சீராளர் மூவர்க்கும் தஞ்சைப் பெரிய கோயிலில் செப்புத் திருமேனிகள் அமைந்தன. அக்கோயில் கல்வெட்டே சான்று. அங்கும் படைத்தலைவர் என்றன்று, சிறுத்தொண்டர் என்றே அவர் பெயர் பெறுகிறார்.

புகைவண்டி நிலையத்தில் இரவுப்பணி முடித்தும், தறியை நிறுத்தியும் இங்கு வந்தமரும் சூரமங்கலத்து அன்பர்களுக்கு இதனினும் உறுதியான ஆறுதல் வேண்டுமோ? நேர்மையாகச் செய்யும் தொழில் சிவநெறிக்குத் தடையன்று. நான் பெரியன் என்னும் எண்ணமே தடை. திருவிழாப் பந்தியில் முன்பின் அறியாதவர்க்கு இலையிட்டு, அவர் உண்டபின் நாம் உண்போமாயின், நாயனார் சென்ற வழியில் ஓரடி வைத்தவராவோம்.

திருச்சிற்றம்பலம்.